பத்துப் பொத்தான், பத்துப் பொட்டு

நண்பகல் சங்கு ஊதி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சிரம்பான் பக்கத்துச் சுவா ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தின் ரப்பர் ஆலை அலுவலகத்தில், சாம்பல் நிற இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். தோளில் கனமான பை. கழுத்தெல்லாம் வியர்வை. ஆலைப் பக்கமிருந்து ஆசிட்டும் ரப்பர் பாலும் கலந்த புளிப்பு வாடை வந்துகொண்டிருந்தது.

கதவை ஒட்டிச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி. அதில் சைபரிலிருந்து ஒன்பது வரை பத்துப் பொத்தான்கள். நான்கு எண்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் கதவு திறக்கும். அந்த எண் எனக்குத் தெரியாது. தெரியாமலே திறந்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை.

இரண்டு நாளைக்கு முன்புதான் ஆயுத பூசை. முந்தின நாள் முழுக்கக் கருவிகளுக்கு ஓய்வு. அன்று காலையில்தான் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. முற்றத்தில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் காயவில்லை. ரப்பர் பிழியும் உருளைகள், தராசு, லாரி, தீயணைப்பு வாளி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கதவுக்கு மாலை. சுவரிலிருந்த எண் பெட்டிக்கும் பொட்டு.

பெட்டிக்கு என்றால் பெட்டிக்கு மொத்தமாக ஒன்று அல்ல. பத்துப் பொத்தான்களுக்கும் தனித்தனியாக, அளவெடுத்தது போல, சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

ஆறு பொத்தான்களில் பொட்டு முழுசாக இருந்தது. ஒன்று, நான்கு, ஏழு, ஒன்பது ஆகிய நான்கிலும் சந்தனம் உதிர்ந்து, பொத்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளிலிருந்த பையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தேன்.

நீலாயிலிருந்து ஒரு கடிதம்

மேலே போவதற்கு முன் ஒரு வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை இந்தத் தொடரில் எழுதத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் நீலாயில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி எழுதிவிட்டார். கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலைக்கு வர ஆசையாம். “அக்கா, மொதல்ல என்னென்ன கருவி வாங்கணும்னு பட்டியல் கொடுங்க” என்கிறார். ஏழெட்டுக் கருவிகளின் படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஒன்று பேனா மாதிரி இருக்கிறது. இன்னொன்றைப் பார்த்தால் என் பேத்தி விளையாடக் கேட்பாள்.

தம்பி, எனக்கும் அந்த வயதில் கருவிப் பைத்தியம் உண்டு. அன்றைக்கு என் தோளில் தொங்கிய பையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

டெலிபோன் கம்பத்தில் ஏறும் ஆட்கள் வைத்திருப்பது போல, முதலை வாய்க் கவ்வி பொருத்திய ஆரஞ்சு நிறச் சோதனைப் போன் ஒன்று. செங்கல் கனத்தில் ஒரு மோடம். மூன்று அளவில் ஸ்குரூ டிரைவர். பல் டாக்டர் வைத்திருப்பாரே, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அது ஒன்று. ஒரு பெட்டி டிஸ்கட். முகத்துக்குப் பூசும் பவுடர் டின் ஒன்றும் மெல்லிய தூரிகை ஒன்றும். பொத்தான்மேல் பவுடரைத் தூவித் தட்டினால் விரல் பட்ட இடம் தெரியும் என்று ஒரு பயிற்சிக் குறிப்பில் படித்திருந்தேன். வீட்டில் அடுப்படிச் சுவிட்சில் தூவிப் பார்த்தேன். தும்மல்தான் வந்தது.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு சிரம்பானிலிருந்து பஸ் ஏறி, சுவாவில் இறங்கி, தோட்டத்து லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். கேட்டில் நின்ற ஜாகா என் கழுத்தில் தொங்கிய தலைமை அலுவலக அட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. “நல்லா இருக்கீங்களா அண்ணே?” என்றேன். “நல்லா இருக்கேன்மா, வெயில்ல நிக்காத, உள்ள போ” என்று கேட்டைத் திறந்துவிட்டார். காவலுக்கு நின்ற ஆளே வழிவிட்டதும் எனக்கு லேசான ஏமாற்றம்.

பையில் இன்னொன்றும் இருந்தது. ஒட்டிய உறையில் ஒரு கடிதம். இந்தப் பெண் செய்வது நிர்வாகத்துக்குத் தெரிந்தே செய்வது, பிடிபட்டால் போலீசைக் கூப்பிடாமல் இன்ன எண்ணுக்குப் போன் செய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. தம்பி, முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான். அனுமதிக் கடிதம். அது இல்லாமல் மற்ற எதை வைத்துக்கொண்டு எந்தக் கதவின் முன் நின்றாலும் உங்கள் பெயர் திருடன்.

சைபருக்குப் பத்துத் தட்டு

என் குடும்பத்தில் இந்த வேலைக்கு முதலில் வந்தது நான் இல்லை. என் அம்மா. அவருக்கு அனுமதிக் கடிதமும் கிடையாது.

எழுபதுகளில் எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் ஒரே ஒரு டெலிபோன். எண் சக்கரத்தைச் சுற்றுகிற கறுப்புப் போன். அலுவலக எழுத்தரான கிராணியார் வீட்டுக்குப் போகும்போது சக்கரத்தின் துளையில் ஒரு குட்டிப் பித்தளைப் பூட்டைப் போட்டுவிட்டுப் போவார். சக்கரம் சுற்றாது. யாராவது கூப்பிட்டால் பேசலாம், நாமாகக் கூப்பிட முடியாது.

அம்மாவுக்குப் பிற்பகலில் அலுவலகம் கூட்டித் துடைக்கிற வேலை. அவருடைய தங்கை கோலா கிளாவாங்கில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார். டாக்டர் வீட்டில் போன் இருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் மலையும் மூன்று பஸ்ஸும்.

போனை வைக்கிற இடத்தில் இரண்டு குமிழ் இருக்குமே, அதைத் தட்டினால் சக்கரம் சுற்றுகிற அதே சத்தம் கேட்கிறது என்பதை அம்மா துடைக்கும்போது கவனித்திருக்கிறார். மூன்றுக்கு மூன்று தட்டு. ஒன்பதுக்கு ஒன்பது. சைபருக்குப் பத்து. எண்ணுக்கு எண் கொஞ்சம் இடைவெளி. முதலில் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்ததாம். ஒரு சீனர் திட்டினாராம், ஒரு போலீஸ் ஸ்டேஷனில் மலாயில் வணக்கம் சொன்னார்களாம். கடைசியில் ஒரு நாள் தங்கச்சியே எடுத்திருக்கிறார்.

இதை எனக்குச் சொன்னது சித்திதான், அம்மா காலமான பிறகு. “பூட்டுப் போட்டிருந்தாங்களே, எப்படிக்கா பேசுறன்னு கேட்டேன். பூட்டு சக்கரத்துக்குத்தான்டி போட்டிருக்காங்க, போனுக்கு இல்லன்னு சொன்னா ஒங்கம்மா” என்றார் சித்தி. நான் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்த் தெரிந்துகொண்டதை அம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தெரிந்துகொண்டிருக்கிறார். ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. வருத்தம்தான்.

மிஸ்டர் டேனியல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலைக்கு இருந்தேன். கணினிப் பிரிவில் தகவல் ஏற்றும் பெண்கள் பன்னிரண்டு பேர். நானும் ஒருத்தி. காலை எட்டிலிருந்து ஐந்து வரை, வந்த தாளைப் பார்த்து விசையைத் தட்ட வேண்டும். கண் எரியும், முதுகு போகும். மூளைக்கு வேலையே இல்லை.

கணினிகளைத் தணிக்கை செய்கிற பிரிவுக்குத் தலைவர் மிஸ்டர் டேனியல். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக எழுத்தர் வேலை பார்த்த வீடு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சட்டைக் கையை மடிக்கவே மாட்டார். வெளிநாட்டில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஏழு தோட்டத்திலை கம்பியூட்டர் அறை கட்டி நம்பர்க் கதவு போட்டிருக்கிறம். அது கதவோ, சும்மா பலகையோ எண்டு ஆர் பார்த்தது? ஒருத்தரும் பார்க்கேல்லை. நீர் போய்ப் பாரும்.”

“எப்படி சார்?”

“திறந்து பாரும். திறக்க ஏலுமெண்டால் எழுதும். ஏலாதெண்டாலும் எழுதும்.”

ஆறு மாதம் தற்காலிக வேலை. அதற்குள் அந்தக் கதவுகளில் ஒன்றையாவது நான் திறந்து காட்டினால் புதுப் பிரிவுக்கு நிர்வாகம் ஒப்புதல் கொடுக்கும், என் வேலையும் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி பன்னிரண்டில் ஒருத்தி. ஐந்து மாதத்தில் நான்கு தோட்டம் போய் வந்துவிட்டேன். ஒரு கதவும் திறக்கவில்லை. சுவா ஐந்தாவது. பஸ்ஸில் போகும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அதைவிட இன்னொரு சங்கடம். அந்தத் தோட்டத்துக் கணினி அறையில் உட்கார்ந்திருந்தது செல்வராணி.

செல்வராணி

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவளுடையது. இடைநிலைப்பள்ளிக்கு ஒரே லாரியில் ஐந்து வருடம் போனோம். லாரி குலுங்குகிற குலுக்கலில் ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டே போவோம். அவள் சிரித்தால் முன்னால் டிரைவருக்குக் கேட்கும்.

பள்ளி முடிந்ததும் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அவளுக்கும் கிடைத்திருக்கும், விண்ணப்பம் போட்டிருந்தால். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். நான்கு வருடம் வெட்டினாள். நடுவில் சாயங்காலங்களில் போர்ட்டிக்சனுக்குப் போய் டைப்பிங் படித்தாள். அலுவலகத்தில் எடுபிடி வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது உள்ளே நுழைந்தாள். கணினி வந்தபோது அதன் பக்கத்தில் போகவே பெரிய கிராணி பயந்தார். இவள் போய் உட்கார்ந்தாள்.

தோட்டத்தில் வெட்டுக்காட்டுக்குப் போன பெண் ஒருத்தி ஏர்கான் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தோட்டத்து ஆட்களின் பதிவு முழுவதும் அவள் கையில். யார் பெயரில் எழுத்துத் தவறாக இருந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவளும் திருத்தித் தருவாள், கூடவே நாலு வார்த்தை கிண்டலும் செய்வாள்.

சோதனைக்குப் போவதை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. தோட்ட நிர்வாகியான துரைக்கு மட்டும், தலைமை அலுவலகத்திலிருந்து இந்த மாதத்தில் யாராவது வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் செல்வராணி சாப்பிட வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்துப் போனேன்.

செருப்பு

சரி, கதவுக்கு வருவோம்.

நான்கு எண்கள் கிடைத்துவிட்டன. வரிசை கிடைக்கவில்லை. நான்கு எண்களை இருபத்து நான்கு விதமாக மாற்றிப் போடலாம். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம், ஆனால் தப்பாக அழுத்தினால் பெட்டி கீச்சென்று கத்தும். இருபது தடவை கத்தினால் ஜாகாவாவது வருவார்.

யோசித்துக்கொண்டே திரும்பினேன். அலுவலக முகப்பில் துரையின் வெள்ளைக் கார் நின்றது. அதற்கும் பூசை நடந்திருந்தது. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். முன் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி. எண் பலகையின் நான்கு மூலையிலும் குங்குமம், நடுவில் பளிச்சென்று 7194.

அதே நான்கு எண்கள்.

ஏழு, ஒன்று, ஒன்பது, நான்கு என்று அழுத்தினேன். கதவுக்குள் ஏதோ நாக்குச் சப்புக் கொட்டுவது மாதிரி சத்தம். தள்ளினேன், திறந்தது.

இப்போது நான் செய்ததைச் சொன்னால் என்னிடம் வேலை பழகுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். அந்தக் காலத்தில் கணினி அறைக்குள் யாரும் செருப்போடு போக மாட்டோம். தூசி பட்டால் கெட்டுவிடும் என்பார்கள், ஏர்கான் வேறு போட்டிருப்பார்கள், எப்படியோ அது கோயில் மாதிரி ஆகிவிட்டது. நாள் முழுக்கப் பழகின கால், அதுபாட்டுக்குக் கழற்றிவிட்டது.

உள்ளே குளிர். கணினிக்குப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தது. திரைக்கு மேலே ஒரு பொட்டு. நாற்காலியில் மடித்த சால்வை. நான் நுழைந்ததற்கு அடையாளமாகத் திரையின் பின்பக்கம் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்ட வேண்டும். ஒட்டினேன். நிமிர்வதற்குள் வெளியே குரல்.

“யாரு உள்ள? யாரு செருப்புலா இது?”

செல்வராணி. சாப்பிடப் போனவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அடி பாவி! மல்லிகா, நீயா! எப்படி வந்த? ஒரு போன் பண்ணக்கூடாதா?” என்று வந்து கட்டிக்கொண்டாள். தேங்காயெண்ணெய் வாசம். “பெரிய கிராணி தொறந்து விட்டாரா?”

“ம்” என்றேன். ஓரெழுத்துப் பொய்தான்.

“ஹெட் ஆபீஸ்ல இருந்து ஏதாச்சும் பாக்க வந்தியா?”

“ஆமா, கம்பியூட்டர் எல்லாம் எப்படி ஓடுதுன்னு பாக்கச் சொன்னாங்க.”

“சூப்பரா ஓடுதுலா. பச்சப் புள்ள மாதிரி பாத்துக்கிறேன்.” எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். பூசைச் சுண்டல். “சாப்புடு. பச்சப்பயிறு நேத்தே தீந்துபோச்சி, இது கடல.”

சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

“வெளிய நம்பருக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கே, அழகா இருக்கு. யாரு வச்சது?”

“நான்தான். ஐயரு பொட்டிக்கு மேல ஒன்னு வச்சிட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. ஒரு நம்பருக்கு வச்சி ஒரு நம்பருக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? தீக்குச்சி முனையால வச்சேன். அர மணி நேரம் ஆச்சி.”

“கூட்டுறவங்க துடைக்கலையா?”

“பொட்ட யாராச்சும் தொடைப்பாங்களா? அதுவா உதிரணும்.”

சுண்டல் நன்றாக இருந்தது. தேங்காய்ச் சில்லு நிறையப் போட்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் சொன்னதை வார்த்தை விடாமல் நோட்டில் எழுதினேன். மறந்துவிடக்கூடாது என்று அவசரமாக எழுதினேன். 

மூன்று பத்தி

மிஸ்டர் டேனியல் கொண்டுவந்த படிவத்தில் மூன்று பத்தி. குறை, காரணம், பொறுப்பானவர்.

குறை: எண் தெரியாத ஒருவரால் கதவைத் திறக்க முடிந்தது. காரணம் இரண்டு. ஒன்று, பொத்தான்மேல் வைத்த பொட்டு உதிர்ந்ததால் எண்கள் தெரிந்தன. இரண்டு, எண்ணாக வைத்தது நிர்வாகியின் கார் எண். பொறுப்பானவர், முதலாவதற்கு எஸ். செல்வராணி. இரண்டாவதற்குத் தோட்ட நிர்வாகி.

அவர் இரண்டு தடவை படித்தார். பொட்டு விஷயம் அவருக்குப் பிடிபடவே இல்லை.

“ஏன் ஒருத்தரும் துடைக்கேல்லை?”

“துடைக்க மாட்டாங்க சார். அதுவா உதிரணும்.”

“ஆர் சொன்னது?”

“யாரும் சொல்ல வேண்டியதில்ல சார்.”

தலையை ஆட்டினார். பேனாவை எடுத்து நிர்வாகியின் பெயரை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார். “கார் நம்பரை எழுதும். ஆளை எழுதாதையும். துரை மேலிடத்துக்கு வேண்டிய ஆள். பேர் போனால் அறிக்கையே போகாது.”

“மற்றது சார்?”

“மற்றது இருக்கட்டும்.”

எண்ணைத் தேர்ந்தெடுத்தது துரை. கதவைப் பார்க்கிற யாருக்கும் தெரிகிற மாதிரி அதைக் காரில் மாட்டிக்கொண்டு சுற்றியதும் துரை. பொட்டு வைத்ததற்கு மட்டும் பெயர் இருந்தது. அப்படியானால் அவள் பெயரையும் எடுத்துவிடுங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர் எடுத்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன், கெட்ட மனிதர் இல்லை.

ஆனால் மூன்றாவது பத்தி காலியாக இருந்தால், கதவு திறந்த என் முதல் அறிக்கை அரைகுறையாகத் தெரியுமோ என்று பயந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த அறை, அந்தப் பை, என் பெயர் போட்ட மேசை எல்லாம் வேண்டும். “சரி சார்” என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. ஏழு தோட்டத்திலும் எண்களை மாற்றினார்கள். எண் பெட்டிகளுக்குப் பூசை செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை போனது. இரண்டாண்டில் என் கீழே மூன்று பேர் வேலை செய்தார்கள். பத்திரிகையில் கூட ஒரு தடவை படம் வந்தது. கையில் அந்த ஆரஞ்சுப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு தடவைகூட அதை உபயோகித்ததில்லை.

சுவாவில் கணினி அறைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். செல்வராணியை மறுபடி வெட்டுக்காட்டுக்கு அனுப்பினார்கள்.

லயத்து வீட்டில்

எனக்கு அது தெரிந்தது மூன்று மாதம் கழித்து, வேறு ஒருவர் சொல்லி. தெரிந்த பிறகும் நான்கு வாரம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். வேலையும் இருந்தது, போகத் தைரியமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் போனேன். லயத்து வீட்டின் பின்புறம் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் காய்ந்த பாலை உரித்து எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை எழுந்து வந்து கட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வரச் சொன்னாள்.

தேநீர் போட்டாள். அடுப்புக்கு மேலே பலகையில் அந்தப் பூப்போட்ட துணி உறை மடித்து வைத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேசன் ஆனதைச் சொன்னாள். மழைக் காலத்தில் மரம் நனைந்துவிடுவதால் பாதி நாள் வேலை இல்லை என்றாள். நான் தலையாட்டினேன்.

பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு பெரிய கிராணி தொறந்து விடல, இல்ல?”

“இல்ல.”

“நீதான் எழுதுனியா?”

“ஆமா.”

“எம் பேரையுமா?”

“ஆமா.”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வார்த்தைகளை பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் வந்திருக்கும். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் திட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“எதுக்கு மல்லிகா இவ்ளோ பாடு? அந்த நம்பர்தானே வேணும் ஒனக்கு? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. ஒனக்குச் சொல்ல மாட்டேனா?”

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது, பஸ்ஸில், போர்ட்டிக்சன் சந்திப்புக்கு அப்பால், பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற அளவுக்கு வந்தது. ஆனால் அந்த நிமிடத்தில், அவள் அடுப்படியில், அவள் போட்டுக் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது வேறு. தெரிந்தவர் கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவாள் என்பது பொட்டைவிடப் பெரிய குறை, அதை எழுதாமல் விட்டுவிட்டோமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.